வெளிநாட்டுப் பட்டமேற்படிப்பின் விலை: ஒரு வரலாற்று ஒப்பீடு

1. முன்னுரை

பட்டமேற்படிப்பிற்காகப் பிறநாடு செல்லும் மாணவர்க்கு ஏற்படும் செலவினை நாடுவாரியாக அட்டவணைப்படுத்திக் காட்டுதல் இன்று பெருவழக்காகிவிட்டது. பிரித்தானியாவில் இவ்வளவு, அவுஸ்திரேலியாவில் இவ்வளவு, ஜேர்மனியில் கட்டணமே இல்லை என்றவாறு அமையும் இவ்வட்டவணைகள் வேண்டப்படுவனவே. ஆயின், அவை விலையைக் கூறுகின்றனவேயன்றி, அவ்விலை எவ்வாறு தோன்றியது, அதனை யார் நிர்ணயித்தனர், எக்காலத்தில் அது இல்லாதிருந்தது என்பனவற்றைக் கூறுவதில்லை. சந்தையிற் காணப்படும் எப்பொருளையும் போலவே கல்வியின் விலையும் இயற்கையாக அமைந்தது போன்ற மயக்கம் இதனால் ஏற்படுகின்றது.

வெளிநாட்டு மாணவரிடம் உள்நாட்டு மாணவரிடம் பெறுவதிலும் கூடிய கட்டணம் அறவிடும் முறைமை மிகத் தொன்மையானதன்று. பிரித்தானியாவில் அது 1967 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அம்முறைமையின் தோற்றத்தையும் பரவலையும் சில நாடுகளின் வரலாற்றினூடாக ஒப்புநோக்கி, இலங்கை போன்றதொரு நாட்டிலிருந்து புறப்படும் மாணவர்க்கு அதன் பொருள் யாது என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1945 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியை நிலைநாட்டிய ஒரு சமூகத்திற்கு இவ்வினா வெறும் புள்ளிவிபர வினாவன்று.

2. பேரரசுக் காலம்: சிலருக்கான வாயில்

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் குடியேற்ற நாட்டு மாணவருக்கென வேறான கட்டணம் எதனையும் விதிக்கவில்லை. சட்டத்தின்படி இருசாராரும் ஒரே முடியின் குடிகளாவர். ஆனால் இச்சமத்துவம் ஏட்டளவிலேயே நின்றது. கப்பற் பயணமும், இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கிற் தங்கி வாழும் செலவும் நிலவுடைமையாலோ, பெருந்தோட்டத் தொழிலாலோ, சட்டத்தொழிலாலோ செல்வம் சேர்த்த குடும்பங்களுக்கே எட்டக்கூடியனவாயிருந்தன. அவற்றின் புறத்தே நின்றவர்க்கு அரசாங்கப் புலமைப்பரிசில் ஒன்றே வழி. பொன்னம்பலம் அருணாசலம் அத்தகைய புலமைப்பரிசில் பெற்றே கேம்பிரிட்ஜ் சென்றார். அவ்வழி மிகக் குறுகியது. ஆண்டுதோறும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே அதனூடாகச் சென்றனர்.

எஞ்சியோர்க்கு இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமே கிடைத்தது. 1858 இலிருந்து இலண்டன் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே கற்றோரையும் பரீட்சைக்கு அமர அனுமதித்தது. 1921 இல் தொடங்கப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, இப்பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. அறிவினை அளந்து முத்திரையிடும் அதிகாரம் இலண்டனிடமே இருந்தது.

இங்கு ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. அரசாங்கப் புலமைப்பரிசில்களுக்கு வேண்டிய பவுண் நாணயத்தை இலங்கைக்கு ஈட்டித் தந்தவை தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய ஏற்றுமதிகளே. அவற்றுள் முதன்மை பெற்ற தேயிலையைக் கொய்தவர் மலையகத் தோட்டத் தொழிலாளர். அவர்தம் பிள்ளைகளுக்கோ தோட்டப் பாடசாலையின் சில வகுப்புகளுக்கு அப்பாற் செல்லும் வாய்ப்பு நெடுங்காலம் இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உயர்கல்விக்கான செலவை ஒருசாரார் உழைத்துக் கொடுப்பதும், அதன் பயனை மற்றொருசாரார் நுகர்வதும் இக்காலத்திலேயே வேர்கொண்டன. பிற்காலச் செலவு ஒப்பீடுகள் அனைத்திலும் இவ்வினா மறைந்து நிற்கின்றது.

3. குடியேற்ற விடுதலையும் பனிப்போரும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறியது. ஆசிய, ஆபிரிக்க நாடுகள் அடுத்தடுத்து அரசியற் சுதந்திரம் பெற்றன. புதிய அரசுகளுக்குப் பொறியியலாளரும் மருத்துவரும் பல்கலைக்கழக ஆசிரியரும் வேண்டியிருந்தனர். அவர்களை யார் பயிற்றுவிப்பது என்பது வல்லரசுகளுக்கிடையிலான போட்டிப் பொருளாயிற்று. கல்விக்கான செலவைக் கற்பவரன்றிக் கற்பிக்கும் நாடு ஏற்றுக்கொண்ட காலம் இதுவாகும்.

ஐக்கிய அமெரிக்கா 1946 இல் புல்பிறைற் திட்டத்தைத் தொடங்கியது. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பிற் கூடியபோது உருவாகிய கொழும்புத் திட்டம் 1951 இல் நடைமுறைக்கு வந்தது. பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1958 இல் மொன்றியல் மாநாட்டில் முன்மொழியப்பட்டு, 1959 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் வடிவம் பெற்றது. ஆசியாவிற் பொதுவுடைமை பரவுவதைத் தடுப்பது கொழும்புத் திட்டத்தின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்று என்பதை வரலாற்றாசிரியர் மறைப்பதில்லை.

இதற்கு மறுபுறத்தில், சோவியத் ஒன்றியம் 1960 இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. கொங்கோவின் முதற் பிரதமர் பத்திரிஸ் லுமும்பா கொலையுண்டதன் பின்னர் 1961 இல் அவர் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. அங்கு கல்விக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் உதவிப்பணமும் விடுதி வசதியும் வழங்கப்பட்டன. உருசிய மொழியறியாத மாணவர் முதலில் ஆயத்த வகுப்பில் மொழி கற்றனர். ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வறிய குடும்பங்களிலிருந்து, தம் நாட்டிலோ மேற்கிலோ ஒருபோதும் உயர்கல்வி பெற்றிருக்க முடியாத பலர் இவ்வாறு பட்டதாரிகளாயினர். இலங்கையரும் அவர்களுள் அடங்குவர்.

இத்திட்டங்களை வெறும் தருமமாகக் கொள்வது தவறு. இருசாராரும் அரசியற் பயன் கருதியே செலவிட்டனர். அவற்றை வெறும் சூழ்ச்சியெனத் தள்ளுவதும் தவறாகும். வல்லரசுகளின் போட்டியினால் மூன்றாம் உலக மாணவரின் பேரம்பேசும் ஆற்றல் உயர்ந்தது. 1960 களில் திறமை வாய்ந்ததோர் இலங்கை மாணவர் இலண்டனையும் மொஸ்கோவையும் மெல்பேணையும் ஒப்பிட்டபோது, அவ்வொப்பீடு பெரும்பாலும் எத்திட்டத்தில் இடங்கிடைக்கும் என்பது பற்றியதாயிருந்தது. எக்கட்டணத்தைக் கட்ட இயலும் என்பது பற்றியதாயிருக்கவில்லை. போட்டி மறைந்தபோது அவ்வாற்றலும் மறைந்தது.

4. பிரித்தானியாவின் திருப்பம்: 1967 முதல் 1980 வரை

வேறுபட்ட கட்டணம் என்னும் கோட்பாட்டை நடைமுறைப்படுத்தியது பழைமைபேண் கட்சி அரசாங்கமன்று என்பது கவனத்திற்குரியது. தொழிற்கட்சி அரசின் கல்வியமைச்சராயிருந்த அந்தனி குரோஸ்லண்ட் 1966 இன் இறுதியில் அறிவித்து, 1967 இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, வெளிநாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 70 பவுணிலிருந்து 250 பவுணாக உயர்த்தப்பட்டது. உள்நாட்டு மாணவரின் கட்டணம் உயரவில்லை. பல்கலைக்கழக ஆசிரியரும் மாணவரும் இதனை வன்மையாகக் கண்டித்தனர். 250 பவுண் உண்மைச் செலவின் ஒரு பகுதியே என்பது அரசாங்கத்தின் விடை. ஆயினும் தொகையிலும் முக்கியமானது கோட்பாடு. ஒரே வகுப்பறையில் அமர்ந்த இருவருக்கு, பிறந்த நாட்டைக் கொண்டு இரு விலைகள் என்பது அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றது 1966 இல் ஆகும். அதாவது, வேறுபட்ட கட்டணம் நடைமுறைக்கு வருவதற்கு முந்திய ஆண்டில். அந்த ஆய்வே பின்னர் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய நூலாக 1968 இல் வெளிவந்து தமிழியல் ஆய்வின் திசையை மாற்றியது. ஒரு கட்டணக் கொள்கை ஒரு நாட்டின் புலமை மரபை எவ்விதம் தொடுகின்றது என்பதை எண்ணிப்பார்க்க இது உதவும்.

1970 களின் பொருளாதார நெருக்கடி இவ்விடைவெளியை விரிவாக்கியது. 1979 இல் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தட்சர் அரசாங்கம், 1980 இலையுதிர்காலம் முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் தம் கல்வியின் முழுச்செலவையும் ஏற்க வேண்டுமென அறிவித்தது. கலைப் பாடங்களுக்குக் குறைந்தது 2,000 பவுண், விஞ்ஞானத்திற்கு 3,000 பவுண், மருத்துவச் சிகிச்சைப் பயிற்சிக்கு 5,000 பவுண் என ஆண்டுக் கட்டணங்கள் விதந்துரைக்கப்பட்டன. ஐரோப்பிய சமூக நாடுகளின் மாணவருக்கு விலக்களிக்கப்பட்டது. முந்நாட் குடியேற்றங்களுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலிருந்த பழைய பிணைப்பு அறுந்து, ஐரோப்பியச் சந்தைப் பிணைப்பு அதனிடத்தைப் பெற்றதை இது தெளிவாகக் காட்டிற்று.

விளைவு உடனடியாகத் தெரிந்தது. பொதுநலவாய நாடுகளிலிருந்து வருவோர் தொகை வீழ்ந்தது. 1981 இல் மலேசியப் பிரதமர் மகாதீர் முகம்மது பிரித்தானியப் பொருள்களை இறுதித் தெரிவாகவே கொள்ளும் கொள்கையை அறிவித்தபோது, மாணவர் கட்டண உயர்வும் அதற்கான காரணங்களுள் ஒன்றாயிருந்தது. 1983 இல் வெளிநாட்டமைச்சர் பிரான்சிஸ் பிம் மூன்றாண்டுகளுக்கு 46 மில்லியன் பவுண் பெறுமதியான புலமைப்பரிசில் தொகுதியொன்றை அறிவிக்க நேர்ந்தது. பொது உரிமையாயிருந்தது பறிக்கப்பட்டு, தெரிவுசெய்யப்பட்ட சிலர்க்கு அன்பளிப்பாக மீள வழங்கப்பட்டது எனலாம். இதற்கிடையே 1981 இல் பல்கலைக்கழகங்களின் அரச மானியமும் வெட்டப்பட்டதால், வெளிநாட்டு மாணவரின் கட்டணம் பல்கலைக்கழகத்தின் வருமான மூலமாக மாறத் தொடங்கியது. 2020 களில் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் மொத்த வருமானத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்டது இவ்வழியே வந்தது.

அவுஸ்திரேலியாவும் இதே பாதையைப் பின்பற்றியது. 1974 இல் விற்லம் அரசாங்கம் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்தபோது வெளிநாட்டு மாணவரும் பயன்பெற்றனர். 1980 இல் அவர்கள்மீது தனிக் கட்டணம் விதிக்கப்பட்டது. 1984 இல் வெளியான ஜாக்சன் அறிக்கை, கல்வியை உதவியாக அன்றி ஏற்றுமதித் தொழிலாகக் கொள்ளும்படி பரிந்துரைத்தது. 1990 அளவில் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் யாவரும் முழுக் கட்டணம் செலுத்துவோராக அல்லது புலமைப்பரிசில் பெறுவோராக மட்டுமே இருக்க முடிந்தது. கொழும்பின் பெயரைத் தாங்கிய உதவித் திட்டத்திலிருந்து கல்வி ஏற்றுமதி வரையான தூரம் நாற்பதாண்டுகளுக்கும் குறைவு.

5. ஐரோப்பியக் கண்டம்: இலவசத்தின் சுருக்கம்

ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு வெளியே நெடுங்காலம் வேறொரு மரபு நிலவியது. உயர்கல்வி பொதுநலம் சார்ந்தது. ஆகவே கற்பவர் எந்நாட்டவராயினும் கட்டணம் வேண்டியதில்லை என்பதே அம்மரபு. இது படிப்படியாகச் சுருங்கியுள்ளது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர்க்கு டென்மார்க் 2006 இலும், சுவீடன் 2011 இலும், பின்லாந்து 2017 இலும், நோர்வே 2023 இலும் கட்டணம் விதித்தன. சுவீடனில் கட்டணம் வந்ததும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்வோர் தொகை ஏறக்குறைய ஐந்திலொன்றாக வீழ்ந்தது. பிரான்சு 2019 இல், அவ்வாறு வரும் முதுமாணி மாணவரின் கட்டணத்தை 243 யூரோவிலிருந்து 3,770 யூரோவாக உயர்த்தியது. கலாநிதிப் பட்ட ஆய்வாளருக்கு இவ்வுயர்வு இல்லை. பல பல்கலைக்கழகங்கள் இதனை நடைமுறைப்படுத்த மறுத்து விலக்களித்தன. வழக்கும் தொடரப்பட்டது, 2020 இல் பிரெஞ்சு உயர் நிருவாக நீதிமன்றம் கட்டண உயர்வு செல்லுமெனத் தீர்த்தது.

ஜேர்மனியின் வரலாறு சற்று மாறுபட்டது. 2005 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வழிவிட்டதன் பின் பல மாநிலங்கள் பருவமொன்றுக்கு 500 யூரோ வரை கட்டணம் விதித்தன. மாணவர் இயக்கமும் மக்கள் கருத்தும் எதிர்த்தமையால், 2014 அளவில் எல்லா மாநிலங்களும் அதனைக் கைவிட்டன. விதித்த கட்டணத்தை மக்கள் மீளப் பெறச்செய்த அரிய உதாரணம் இதுவாகும். எனினும் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகின்றது. மியூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 இல் முதுமாணி மாணவருக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை விதித்தது. வாக்குரிமையுள்ள உள்நாட்டு மாணவருக்கு மீட்கப்பட்ட உரிமை, வாக்குரிமையற்ற பிறநாட்டவருக்கு முழுமையாக மீட்கப்படவில்லை.

6. கட்டணத்திற்கு அப்பாற்பட்ட செலவு

கல்விக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுதல் போதாதென்பது இங்கு வலியுறுத்தப்பட வேண்டும். ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களிற் கட்டணம் இல்லை. ஆனால், வீசா பெறுவதற்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே முடக்கப்பட்ட கணக்கொன்றில் வைப்பிலிட வேண்டும். 2024 செப்டெம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோவாகும். 2025 ஆம் ஆண்டின் நாணய மாற்று விகிதத்தில் இது ஏறத்தாழ நாற்பது இலட்சம் ரூபா. அப்பணம் பின்னர் மாணவர்க்கே மாதந்தோறும் கிடைக்கும் என்பது உண்மை. ஆயின், முதலில் அதனை ஒருங்கே காட்டக்கூடிய குடும்பம் எது? ‘இலவசம்’ என்னும் சொல் வாசலிற் பொறித்திருக்க, வாசலைத் திறக்கும் திறவுகோலுக்கு விலை இருக்கின்றது.

பிரித்தானியாவில் 2015 இல் மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுணாகத் தொடங்கிய குடிவரவுச் சுகாதார மேல்வரி 2024 இல் 776 பவுணாக உயர்ந்தது. அவுஸ்திரேலிய மாணவர் வீசாவின் விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 டொலராகவும், 2025 ஜூலையில் 2,000 டொலராகவும் உயர்த்தப்பட்டது. விண்ணப்பம் மறுக்கப்படினும் அப்பணம் பொதுவாக மீளக்கிடைப்பதில்லை. கல்விக் கொள்கையாக அன்றிக் குடிவரவுக் கொள்கையாக அறவிடப்படும் இச்செலவுகள் பல்கலைக்கழகங்களின் கட்டண அட்டவணையில் இடம்பெறுவதில்லை.

யாவற்றிலும் கொடியது நாணய மாற்று விகிதமாகும். 1967 நவம்பரில் பவுணின் பெறுமதி குறைக்கப்பட்டதையடுத்து இலங்கை ரூபாவின் பெறுமதியும் 20 வீதம் குறைக்கப்பட்டது. 1977 நவம்பரில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது ஒரு டொலருக்கு ஏறத்தாழ 16 ரூபா என்னும் விகிதம் நிறுவப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. அவ்விரு மாதங்களில் இலண்டனில் ஒரு பவுணும் உயராமலே, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்குக் கட்டணம் ஒன்றரை மடங்குக்கு மேலாயிற்று. செல்வ நாட்டு மாணவர் ஒருவரின் ஒப்பீட்டு அட்டவணையில் இந்நிரல் தேவைப்படுவதில்லை. நமது அட்டவணையில் அதுவே முதல் நிரலாக அமைதல் வேண்டும்.

7. முதுமாணியும் கலாநிதியும்: இருவேறு பொருளாதாரம்

பட்டமேற்படிப்பினை ஒரே பொருளாகக் கொள்வதும் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். வகுப்பறை விரிவுரைகளால் அமையும் முதுமாணிக் கற்கைநெறியில் மாணவர் விலைகொடுத்து வாங்குபவர். ஆய்வினாலமையும் கலாநிதிப் பட்டத்தில் அவர் பெரும்பாலும் உழைப்பவர். சுவீடனிலும் நோர்வேயிலும் கலாநிதிப் பட்ட ஆய்வாளர் பெரும்பாலோர் சம்பளம்பெறும் ஊழியராவர்; முதுமாணி மாணவருக்குக் கட்டணம் வந்த பின்னரும் இவர்கள்மீது கட்டணம் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ பணிபுரிவோர்க்குப் பொதுவாகக் கட்டணவிலக்கும் உதவிப்பணமும் கிடைக்கின்றன. 2016 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், தேசியத் தொழில் உறவுகள் சபை இத்தகையோர் சட்டப்படி ஊழியரே எனத் தீர்ப்பளித்தது. அவர் பெறுவது தானமன்று, கூலி என்பது இதனால் தெளிவாகின்றது.

ஆகவே, ‘எந்த நாடு மலிவானது’ என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. உழைப்பு வேண்டப்படும் துறையில், அதாவது ஆய்வுகூட விஞ்ஞானத்திலும் பொறியியலிலும், செல்வ நாடுகள் நம் பட்டதாரிகளைப் பணங்கொடுத்தே அழைக்கின்றன. அவ்வுழைப்புக்குச் சந்தையில்லாத வரலாறு, மொழியியல், சமூகவியல், தமிழியல் ஆகிய துறைகளிலோ உதவி அரிதாகின்றது. இதன் விளைவு செலவைக் கடந்தது. எவ்வினாக்கள் ஆராயப்படும், எவை ஆராயப்படாது விடப்படும் என்பதையே அது தீர்மானிக்கின்றது. நம் சமூகத்தின் நிலவுடைமை, சாதியமைப்பு, தொழிலாளர் வரலாறு ஆகியன பற்றிய ஆய்வுக்கு வெளிநாட்டு நிதியை நம்பியிருக்குமிடத்து, அந்நிதியின் விருப்பே ஆய்வின் விருப்பாகிவிடும் அபாயமுண்டு.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, வெளிநாட்டு மாணவரின் கட்டணம் செலவுக் கணக்கினால் மட்டும் தோன்றியதன்று. அரசியல் உறவுகளின் மாற்றத்தால் தோன்றி, அவற்றாலேயே மாறிவந்துள்ளது. இரண்டாவதாக, கட்டணமில்லா நாடும் முன்வைப்பு, வீசா, நாணய மாற்று ஆகியவற்றால் வறிய மாணவரை வெளியே நிறுத்தவல்லது. மூன்றாவதாக, உயர்த்தப்பட்ட கட்டணம் திரும்பப் பெறப்பட முடியாததன்று. ஜேர்மனிய மாணவர் அதனைக் காட்டியுள்ளனர்.

1945 இல் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா நிலைநாட்டிய இலவசக் கல்வியினால், கிராமத்துப் பிள்ளையும் பட்டதாரியாகும் நிலை இந்நாட்டில் உருவாயிற்று. ஆனால், அவ்வுரிமை கட்டுநாயக்க விமான நிலையத்துடன் முடிவடைகின்றது. அதற்கப்பால் தந்தையின் சொத்தே மாணவரின் தகுதியாகின்றது. பொதுப்பணத்திற் கற்பித்த பட்டதாரிக்கு மேலும் பல இலட்சம் ரூபாவைப் பெற்றோர் செலவிட்டு அனுப்ப, அவரது அறிவின் பயனை வேறொரு நாடு பெறுவது இருமுறை இழப்பாகும். அவர் திரும்பாதபோது அவரைக் குறைகூறுவது எளிது. கடன் தீர்க்கப் போதிய ஊதியம் ஈண்டு இல்லாதபோது அக்குறை நியாயமாகாது.

இதற்கு மாற்று, வெளியே செல்லாதிருத்தல் அன்று. அறிவுலகத்தினின்று தனித்து நிற்றல் எச்சமூகத்தையும் வளர்த்ததில்லை. பேராதனையில் 1975 இல் நிறுவப்பெற்ற பட்டமேற்படிப்பு விவசாய நிறுவகம் போன்ற உள்நாட்டு நிறுவனங்களைக் கலை, சமூக விஞ்ஞானத் துறைகளுக்கும் தரமுற விரிவாக்குதல் முதற் கடமையாகும். வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களைத் தனிநபர் விண்ணப்பங்களுக்கு விட்டுவிடாது, அரசும் பல்கலைக்கழகங்களும் உரிமையோடு பேசிப் பெறுதல் அடுத்ததாகும். அவ்விடங்கள் பகிரப்படும்போது, தேயிலை கொய்து பவுணை ஈட்டித் தந்தவர்களின் பேரப்பிள்ளைகளை முதலில் நினைவு கூர்தல் நீதியாகும். செலவு பற்றிய ஒப்பீடு இவ்வினாவையும் உள்ளடக்கும்போதே முழுமை பெறும்.